விலாவா, முதுகா: விடாத வலிக்குக் குறியீடு போடும் முறை

இடுப்பில் கைவைத்து நில்லுங்கள். இடுப்பெலும்பின் மேல் விளிம்பு உள்ளங்கையில் தட்டும். அங்கிருந்து கையைச் சற்று மேலே நகர்த்தினால், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே எலும்பே இல்லாத மெத்தென்ற ஓர் இடம் அகப்படும். ஆங்கில சார்ட்டில், அதாவது நோயாளியின் மருத்துவப் பதிவில், ஃபிளாங்க் என்று எழுதுவது அந்த இடத்தைத்தான். விலா, விலாப்பக்கம் என்று நான் இங்கே சொல்வதும் அதையே. கையை எடுக்காமல் கட்டைவிரலைப் பின்னுக்கு நீட்டுங்கள். அது போய்த் தொடுவது கீழ் முதுகு. ஒரு கையின் அகலத்துக்குள் இரண்டும் அடங்கிவிடுகின்றன. ஆனால் ஒவ்வொரு நோய்க்கும் அறிகுறிக்கும் ஓர் எண் தரும் குறியீட்டுப் புத்தகத்தில் கீழ் முதுகு வலி எம் எழுத்து அத்தியாயத்தில் இருக்கிறது, விலாப்பக்க வலி ஆர் எழுத்து அத்தியாயத்தில் இருக்கிறது. முன்னதை எலும்பு, தசை நோய்களோடு வைத்திருக்கிறார்கள். பின்னதை, காரணம் இன்னும் தெரியாத வயிற்று வலிகளோடு வைத்திருக்கிறார்கள்.

கோடிங், அதாவது இந்தக் குறியீடு போடும் வேலை, கற்க வருகிறவர்களை முதல் நாள் இப்படித்தான் நிற்க வைக்கிறேன். புத்தகத்தைத் திறப்பது அதற்குப் பிறகுதான்.

நான் 14 ஆண்டுகளாக அமெரிக்க மருத்துவமனை சார்ட்களுக்குக் குறியீடு போட்டு வருகிறேன். வேலையில் சேர்ந்தபோது ஐசிடி-9 காலம். ஐசிடி என்பது நோய்களுக்கான சர்வதேசக் குறியீட்டு முறை, 9 அதன் பதிப்பு எண். கீழ் முதுகு வலிக்கு 724.2 என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். 2015 அக்டோபர் 1 அன்று அமெரிக்கா, பத்தாம் பதிப்பின் தன் சொந்த வடிவமான ஐசிடி-10-சிஎம் முறைக்கு மாறியது. சில ஆண்டுகளாகப் பிறர் போட்ட குறியீடுகளை ஆடிட் செய்வதே என் வேலை. முதுகு வலி சார்ட் வராத நாளே கிடையாது. எளிதான சார்ட் என்று நினைத்து எல்லோரும் அதை வேகமாகத் தள்ளிவிடுகிறார்கள். நான் திருப்பி அனுப்பும் சார்ட்களில் மிகப் பல அந்த எளிதான சார்ட்கள்தான்.

ஐந்து வருகை, ஒரே வரி

ஒரு சார்ட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் விதிகளெல்லாம் அதில் இருக்கின்றன.

2025 ஜூலை முதல் நவம்பர் வரை ஒரு நோயாளி ஒரே மருத்துவரிடம் ஐந்து முறை வந்திருக்கிறார். ஐந்து முறையும், மருத்துவர் தம் முடிவை எழுதும் மதிப்பீட்டுப் பகுதியில் ஒரே வரி: ‘கீழ் முதுகு வலி, 2 வாரமாக.’ ஜூலையிலும் 2 வாரம், நவம்பரிலும் 2 வாரம். முந்தைய வருகையின் குறிப்பு அப்படியே நகலாகி வந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். கோடர் ஐந்து முறையும் எம்54.50, அதாவது விவரம் குறிப்பிடாத கீழ் முதுகு வலி என்று போட்டிருந்தார்.

செப்டம்பர் மாத வருகையில் மருத்துவர் பார்ப்பதற்கு முன் செவிலியர் எழுதிய சிறு குறிப்பு ஒன்று இருந்தது. இடப்பக்க விலாவில் வலி, அங்கிருந்து அடிவயிற்றுக்கு இறங்குகிறது, இரண்டு நாளாகச் சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போகிறது என்று அதில் எழுதியிருந்தார். அந்த வரி மருத்துவரின் மதிப்பீட்டுக்குள் வரவே இல்லை. நவம்பரில் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தாத வயிற்று சிடி ஸ்கேன் எடுத்தார்கள். கீழ் முதுகு வலிக்கு எதற்கு வயிற்று ஸ்கேன் என்று காப்பீட்டு நிறுவனம் கிளைமை நிராகரித்துவிட்டது. ஸ்கேனிலோ, இடப்பக்கச் சிறுநீர்க்குழாயில் கல். சிறுநீர் தேங்கி அந்தப் பக்கச் சிறுநீரகம் உப்பியிருந்தது.

கோடரிடம் பேசினேன். “மருத்துவர் எழுதியதைத்தானே போட்டேன்?” என்றார். அவர் சொன்னது உண்மை. செவிலியரின் குறிப்பை வைத்து அவர் விலா வலி என்று குறியீடு போட்டிருந்தால் அது விதிமீறல். நோய் இன்னது என்று சொல்லும் உரிமை, அதற்குத் தகுதி பெற்ற மருத்துவருக்கே உண்டு. ஆனால் போடக்கூடாது என்பதற்காகப் பார்க்காமல் கடந்துபோவது சரியா? செப்டம்பரிலேயே மருத்துவருக்கு ஒரு கேள்வி போயிருக்க வேண்டும். எங்கள் தொழிலில் அதைக் குவெரி என்போம். அந்த ஒரு கேள்வியை எப்போது, எப்படிக் கேட்பது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

சார்ட்டை எந்த வரிசையில் படிப்பது

பலர் மதிப்பீட்டுப் பகுதிக்கு நேராகத் தாவுகிறார்கள். நான் நோயாளி சொன்ன குறையிலிருந்து தொடங்குகிறேன். அவர் எந்த இடத்தைக் காட்டினார், எந்தப் பக்கம், எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது, குனிந்தால் கூடுகிறதா, எப்படிப் படுத்தாலும் மாறாமல் நிற்கிறதா. அடுத்து மருத்துவர் தொட்டுப் பார்த்துக் கண்டது. கடைசியில்தான் மதிப்பீடு. மூன்றும் ஒரே கதையைச் சொன்னால் குறியீட்டுக்குப் போகலாம். ஒன்று மட்டும் வேறு கதை சொன்னால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

வலியின் குணத்தையும் கவனியுங்கள். தசையிலிருந்தும் மூட்டிலிருந்தும் வரும் முதுகு வலி பெரும்பாலும் அசைவுக்கு ஏற்பக் கூடிக் குறையும். சிறுநீர்க்குழாய்க் கல்லின் வலி அலை அலையாக வந்து, விலாவிலிருந்து அடிவயிற்றுக்கும் தொடை இடுக்குக்கும் இறங்கும். நோயாளியால் ஓரிடத்தில் உட்கார முடியாது. இதை வைத்து நீங்கள் நோயைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. எழுதப்பட்ட வலியும் எழுதப்பட்ட நோய்ப் பெயரும் பொருந்தாத இடத்தை உங்கள் கண் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதுகுப் பக்கக் குறியீடுகள்

மருத்துவர் வெறுமனே ‘முதுகு வலி’ என்று மட்டும் எழுதியிருந்தால் எம்54.9. ‘கீழ்’ என்ற சொல் இல்லாமல் எம்54.5க்குப் போகாதீர்கள். மார்புப் பகுதி முதுகு என்றால் எம்54.6.

கீழ் முதுகு வலிக்கு முன்பு எம்54.5 என்று நான்கு எழுத்தோடு முடிந்துவிடும். 2021 அக்டோபர் 1 முதல் அது செல்லாது. அதற்குக் கீழே மூன்று பிறந்தன. எம்54.50 விவரம் குறிப்பிடாதது. எம்54.51 முதுகெலும்பு உடலின் முனைத்தட்டிலிருந்து வரும் வலி, அதாவது வெர்டிப்ரோஜெனிக் வலி. எம்54.59 குறிப்பிட்டுச் சொல்லப்பட்ட பிற வகைக் கீழ் முதுகு வலி. மருத்துவர் ‘தசை சார்ந்த கீழ் முதுகு வலி’ என்று எழுதினால், அதற்குத் தனிக் குறியீடு இல்லாததால் எம்54.59க்குப் போகிறோம். அந்த ஒரு சொல்லைத் தவறவிட்டு எம்54.50 போடுவதைத்தான் வாரம் தவறாமல் பார்க்கிறேன். எம்54.51இல் தவறு எதிர்த்திசையில் நடக்கிறது. எம்ஆர்ஐ அறிக்கையில் ‘மோடிக் மாற்றம்’, அதாவது முனைத்தட்டை ஒட்டித் தெரியும் மாற்றம், என்று இருப்பதைப் பார்த்துக் கோடரே அதற்குத் தாவிவிடுகிறார். மருத்துவர் தம் மதிப்பீட்டில் அந்த வலிக்கு அந்தப் பெயரைச் சூட்டியிருந்தால் மட்டுமே எம்54.51 போட வேண்டும்.

கால் வரை இறங்கும் வலிக்கு வேறு வீடு. முதுகு வலியோடு சயாட்டிகா என்றால் வலப்பக்கத்துக்கு எம்54.41, இடப்பக்கத்துக்கு எம்54.42. சயாட்டிகா மட்டும் என்றால் எம்54.31, எம்54.32. இவற்றோடு எம்54.5ஐச் சேர்த்துப் போடக்கூடாது. எம்54.5க்குக் கீழே உள்ள எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பு அதைத் தடுக்கிறது. ஒன்று இருந்தால் மற்றது இருக்க முடியாது என்பது அந்தக் குறிப்பின் பொருள். அதே குறிப்பில் கீழ் முதுகுத் தசைப்பிடிப்புக் காயமும் (எஸ்39.012), டிஸ்க் விலகலால் வரும் முதுகு வலியும் (எம்51.2) இருக்கின்றன.

காலில் இறங்கும் வலிக்கு டிஸ்க்தான் காரணம் என்று மருத்துவர் எழுதிவிட்டால் சயாட்டிகா குறியீட்டையும் விட்டுவிட்டு எம்51.1க்குப் போக வேண்டும். இடுப்புப் பகுதி என்றால் எம்51.16. டிஸ்க் தேய்மானத்தில் 2024 அக்டோபர் 1 முதல் இன்னொரு பிரிவும் சேர்ந்திருக்கிறது. பழைய எம்51.36 இப்போது முழுக் குறியீடு அல்ல. டிஸ்க்கிலிருந்து வரும் முதுகு வலி மட்டும் என்றால் எம்51.360, கால் வலி மட்டும் என்றால் எம்51.361, இரண்டும் என்றால் எம்51.362, வலியைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால் எம்51.369. வலியை அந்தக் குறியீடே சொல்லிவிடுவதால் பக்கத்தில் எம்54.5 சேர்ப்பதில்லை. இந்தப் பிரிவு எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்கேனில் தேய்மானம் தெரிவது ஒன்று, அந்தத் தேய்மானம்தான் வலிக்கிறது என்பது மற்றொன்று. மருத்துவரை அதை எழுதிச் சொல்ல வைக்கிறது இந்தப் பிரிவு.

விலாப் பக்கம்

இங்கேதான் காலம் மிக முக்கியம். 2025 செப்டம்பர் 30 வரை விலாப்பக்க வலிக்கென்று தனிக் குறியீடு கிடையாது. அகரவரிசையில் ஃபிளாங்க் என்று தேடினால் ‘வயிற்று வலியைப் பார்’ என்று அனுப்பும். அங்கே போனால் பெரும்பாலும் ஆர்10.9, விவரமற்ற வயிற்று வலி. எந்தப் பக்கம் என்று மருத்துவர் எவ்வளவு கவனமாக எழுதினாலும் குறியீட்டில் அது மறைந்துபோகும். 2025 அக்டோபர் 1 அன்று ஆர்10.ஏ என்ற பிரிவு வந்தது. ஆர்10.ஏ1 வலப்பக்க விலா வலி, ஆர்10.ஏ2 இடப்பக்கம், ஆர்10.ஏ3 இரு பக்கமும், ஆர்10.ஏ0 பக்கம் குறிப்பிடாதது. மருத்துவர் அழுத்தும்போது நோவதற்கும் தனிக் குறியீடு வந்தது: வலப்பக்கம் ஆர்10.8ஏ1, இடப்பக்கம் ஆர்10.8ஏ2. நோயாளி சொல்லும் வலியும் மருத்துவர் கைக்குத் தெரியும் நோவும் வேறு வேறு என்பதை மறக்காதீர்கள்.

எந்தக் குறியீட்டுப் புத்தகம் என்பதை நோயாளி வந்த தேதி தீர்மானிக்கிறது, பில் போடும் தேதி அல்ல. உள்நோயாளியாக இருந்தால் டிஸ்சார்ஜ் ஆன தேதி. நான் சொன்ன சார்ட்டில் செப்டம்பர் வருகைக்கு மருத்துவர் விலா வலி என்று திருத்தியிருந்தாலும் ஆர்10.9தான் வந்திருக்கும். கல் உறுதியாகாமல் நவம்பர் வருகையிலும் விலா வலி என்றே நின்றிருந்தால் ஆர்10.ஏ2. ஒரே நோயாளி, ஒரே வலி, இரண்டு குறியீடு. அக்டோபர் முதல் வாரத்தில் செப்டம்பர் சார்ட்களைக் கையில் எடுக்கும்போது இது தடுக்கி விழ வைக்கும். தேதியைப் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தொட வேண்டும்.

முதுகு வலியும் விலா வலியும் ஒருவருக்கே இருந்தால்? மருத்துவர் இரண்டையும் எழுதியிருந்தால் இரண்டையும் போடலாம். ஆர்10க்குக் கீழே எம்54 இருப்பது எக்ஸ்க்ளூட்ஸ்2 குறிப்பில். இது அதில் அடங்காது, ஆனால் இரண்டும் சேர்ந்து இருக்கலாம் என்பது அதன் பொருள். 1க்கும் 2க்கும் உள்ள வேறுபாட்டைக் குழப்பிக்கொண்டு பலர் விலா வலியை விட்டுவிடுகிறார்கள்.

ரீனல் காலிக், அதாவது சிறுநீரகச் சுருட்டு வலி என்று மருத்துவர் எழுதினால் என்23. அதோடு ஆர்10 சேராது, அது எக்ஸ்க்ளூட்ஸ்1. கல் உறுதியாகிவிட்டால் வலிக்கு வேலை இல்லை. சிறுநீரகத்தில் கல் என்20.0, சிறுநீர்க்குழாயில் கல் என்20.1, இரண்டிலும் என்றால் என்20.2. ஒரு நோயோடு வழக்கமாக வரும் அறிகுறியைத் தனியாகக் குறியீடு செய்யக்கூடாது என்பது பொது விதி. கல் அடைத்துச் சிறுநீரகம் உப்பியிருந்தால், அதாவது ஹைட்ரோநெஃப்ரோசிஸ் என்றால், இரண்டையும் சேர்த்துச் சொல்லும் என்13.2. அதோடு தொற்றும் இருந்தால் என்13.6. என் சார்ட்டின் நவம்பர் வருகை கடைசியில் என்13.2 ஆயிற்று. கல் இல்லாமல் சிறுநீரகத்தில் திடீர்த் தொற்று மட்டும் என்றால் என்10, கிருமி தெரிந்தால் கூடவே அதன் குறியீடு, இ.கோலி என்றால் பொதுவாகப் பி96.20. நோயாளி கர்ப்பிணி என்றால் கர்ப்ப அத்தியாயம் முந்திக்கொள்ளும், சிறுநீரகத் தொற்று ஓ23.0க்குப் போய்விடும். இதை மறந்தால் ஆடிட்டில் நிச்சயம் பிடிபடும்.

பக்கத்தைப் பற்றி ஒரு நல்ல விதி இருக்கிறது. நோயை மருத்துவர் எழுதிவிட்டு, வலமா இடமா என்பதை மட்டும் விட்டுவிட்டால், செவிலியர் போன்ற பிற பராமரிப்பாளர் குறிப்பிலிருந்து பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே ஆர்10.ஏ0 போடும் தேவை அபூர்வமாகத்தான் வர வேண்டும். ஆனால் செவிலியர் இடம் என்று எழுதி மருத்துவர் வலம் என்று எழுதியிருந்தால் நீங்கள் நடுவராக முடியாது. மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.

‘இருக்கலாம்’ என்ற சொல்

புறநோயாளி சார்ட்டில் ‘சிறுநீரகக் கல்லாக இருக்கலாம்’, ‘கல் சந்தேகம்’, ‘கல் இல்லை என்று உறுதி செய்ய’ என்றெல்லாம் எழுதியிருந்தால் கல்லுக்குக் குறியீடு கிடையாது. அன்றைக்கு உறுதியாகத் தெரிந்தது எதுவோ அதற்கு மட்டும்: விலா வலி, சிறுநீரில் ரத்தம், காய்ச்சல். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட உள்நோயாளிக்கு மருத்துவமனையின் பில்லில் விதி வேறு. டிஸ்சார்ஜ் ஆகும்போதும் ‘இருக்கலாம்’ என்றே நின்றால், இருப்பதாகவே கொண்டு குறியீடு போடுகிறோம். புறநோயாளிப் பிரிவிலிருந்து உள்நோயாளிப் பிரிவுக்கு மாறும் கோடர்களும், அங்கிருந்து இங்கே வருகிறவர்களும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். உறுதியாகாத கல்லைப் புறநோயாளியின் பதிவில் ஏற்றிவிட்டால், அடுத்த மருத்துவர் அதை உண்மையென்று நம்பிக்கொண்டு தொடங்குவார். இதை நினைத்துத்தான் நான் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறேன்.

நாள்பட்ட வலி

‘மூன்று மாதம் ஆகிவிட்டது, அதனால் நாள்பட்டது’ என்று கோடர் முடிவு செய்யக்கூடாது. மருத்துவ வழக்கில் 12 வாரத்தைத் தாண்டிய கீழ் முதுகு வலியை நாள்பட்டது என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11, 2022 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதிலும் நாள்பட்ட வலிக்குத் தனிப் பிரிவு வைத்து மூன்று மாதம் என்று வரையறுத்திருக்கிறார்கள். ஆனால் அமெரிக்க ஐசிடி-10-சிஎம் விதிகளில் எந்தக் கால எல்லையும் இல்லை. மருத்துவர் ‘நாள்பட்ட’ என்று எழுதினால்தான் நாள்பட்டது.

எழுதினால், பிற நாள்பட்ட வலியைச் சொல்லும் ஜி89.29 கூடுதலாக வரலாம். வரிசையைக் கவனியுங்கள். நோயாளி வலியைக் கட்டுப்படுத்தும் சிகிச்சைக்காகவே வந்திருந்தால் ஜி89 முதலில், வலியின் இடம் அடுத்து. காரணத்தைத் தேடி வந்திருந்தால், காரணமும் இன்னும் கிடைக்கவில்லையென்றால், இடம் முதலில், ஜி89 அடுத்து. காரணம் தெரிந்துவிட்டு, அந்த நோய்க்குத்தான் சிகிச்சை என்றால் ஜி89 வேண்டியதில்லை. ‘நாள்பட்ட வலி நோய்க்குறித்தொகுப்பு’ என்று மருத்துவர் அந்தப் பெயரையே எழுதினால் மட்டும் ஜி89.4. நாள்பட்ட வலி என்பதும் அதுவும் ஒன்றல்ல.

பழைய காயத்திலிருந்து தொடரும் வலிக்கு ஏழாவது எழுத்து பேச வேண்டும். கீழ் முதுகுத் தசைக் காயத்துக்கு எஸ்39.012ஏ என்பது முதல் வருகை என்று பலர் நினைக்கிறார்கள். ஏ என்றால் காயத்துக்கு நேரடிச் சிகிச்சை நடக்கும் காலம். ஆறி வரும் காலத்தில் டி. ஆறிய பிறகும் எச்சமாக நிற்கும் தொல்லைக்கு எஸ். அந்த எச்சத்தில் முதலில் இப்போதுள்ள தொல்லையின் குறியீடு, பிறகு எஸ்39.012எஸ்.

கேட்கும் முறை

குவெரி எழுதும்போது மருத்துவரை ஒரு விடையின் பக்கம் தள்ளக்கூடாது. அமெரிக்காவில் அஹிமா, ஆக்டிஸ் என்ற இரண்டு மருத்துவ ஆவணத் தொழில் சங்கங்கள் சேர்ந்து 2022இல் புதுப்பித்த குவெரி வழிகாட்டுதலின் உயிர்நாடி இதுதான். ‘நோயாளிக்குச் சிறுநீரகக் கல் இருப்பது போலத் தெரிகிறது, அதைப் பதிவு செய்ய முடியுமா?’ என்று கேட்டால் அது கேள்வியே அல்ல. பணம் வரும், கிளைம் நிராகரிக்கப்படும் என்ற பேச்சும் கூடாது.

அந்த செப்டம்பர் வருகைக்கு நான் பயிற்சிக்காக எழுதிக் காட்டியது இது:

‘செப்டம்பர் வருகையின் செவிலியர் குறிப்பில், இடப்பக்க விலாவில் வலி, அடிவயிற்றுக்குப் பரவுகிறது, சிறுநீர் இளஞ்சிவப்பு நிறம் என்று உள்ளது. உங்கள் மதிப்பீட்டில் கீழ் முதுகு வலி, 2 வாரமாக என்று உள்ளது. ஜூலை மாதக் குறிப்பிலும் கால அளவு 2 வாரம் என்றே உள்ளது. உங்கள் மருத்துவ முடிவின்படி இந்த வருகையில் நீங்கள் மதிப்பிட்ட வலியின் இடம், பக்கம், கால அளவு ஆகியவற்றைத் தெளிவுபடுத்த வேண்டுகிறேன். தெரிவுகள்: கீழ் முதுகு வலி, விலாப்பக்க வலி, இரண்டும், வேறு, மருத்துவ ரீதியாகத் தீர்மானிக்க இயலவில்லை. சிறுநீரின் நிறம் குறித்துப் பதிவு செய்ய வேண்டியது ஏதும் இருந்தால் அதையும் சேர்க்கவும்.’

சார்ட்டில் இருப்பதை அப்படியே எடுத்து வைக்கிறோம். கல் என்ற சொல்லே அதில் இல்லை. மருத்துவர் ‘கீழ் முதுகு வலிதான்’ என்று திருப்பி எழுதினால் எம்54.50 அப்படியே நிற்கும், அதில் நமக்கு ஒரு மனக்குறையும் வேண்டாம்.

சில குறிப்புகளைக் கண்டால் குவெரி வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள், உங்கள் மேலாளரிடம் அன்றே சொல்லுங்கள். முதுகு வலியோடு சிறுநீர் கழிக்க முடியவில்லை, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போகிறது என்று குறிப்பில் இருந்து மதிப்பீட்டில் இல்லாமல் போனால், அது நரம்புக் கொத்து நசுங்கும் ஆபத்தின் அறிகுறியாக இருக்கக்கூடும். வயதானவருக்குத் திடீரென்று வந்த விலா வலியும் மயக்கமும் அப்படித்தான். வயிற்றுப் பெருந்தமனி வீங்கி உடைவது கல் வலி போலவே தோன்றி ஏமாற்றக்கூடியது. நோயைக் கணிப்பது நம் வேலை அல்ல. ஆனால் எழுதப்பட்ட ஒரு வரி யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது என்பதைச் சொல்வதற்குக் கணிப்பு தேவையில்லை.

மருத்துவர்களிடம் கேட்பது

மருத்துவர்களுக்குப் பயிற்சி தரும்போது நான் நீண்ட பட்டியல் கொடுப்பதில்லை. வலிக்கும் இடத்தின் பெயர், பக்கம், தொடங்கிய தேதி இவை மூன்றும் மதிப்பீட்டு வரியிலேயே இருக்கட்டும் என்கிறேன். ‘2 வாரமாக’ என்று எழுதுவதைவிட ‘ஜூலை முதல் வாரத்திலிருந்து’ என்று எழுதுங்கள். அடுத்த வருகைக்கு நகலானாலும் அது பொய்யாகாது. காரணம் தெரிந்தால் ‘இதனால்’ என்ற சொல்லைப் போட்டு இணையுங்கள். ஸ்கேன் அறிக்கையைச் சார்ட்டில் ஒட்டினால் மட்டும் போதாது, அதில் எது இந்த நோயாளியின் வலிக்குக் காரணம் என்று உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள். இல்லாததையும் எழுதுங்கள்: காய்ச்சல் இல்லை, சிறுநீரில் ரத்தம் இல்லை, கால் மரத்துப்போகவில்லை.

இல்லாததை எழுதச் சொன்னால் சில மருத்துவர்கள் நேரமில்லை என்பார்கள். அவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அந்த நோயாளியின் ஆறாவது வருகையை மட்டும் எடுத்துக் காட்டுகிறேன். கல்லை அகற்றி சில வாரம் கழித்து அவர் மீண்டும் வந்திருந்தார், வலி இன்னும் இருக்கிறது என்று. பழைய குறிப்பை நகல் எடுத்திருந்தால் மறுபடியும் அதே ஒற்றை வரிதான் வந்திருக்கும். இம்முறை மருத்துவர் புதிதாக எழுதியிருந்தார்: ‘தசை சார்ந்த நாள்பட்ட கீழ் முதுகு வலி, ஜூலையிலிருந்து. விலாவில் வலி இல்லை. சிறுநீர் தெளிவு. கல் அகற்றப்பட்டது.’ எம்54.59, ஜி89.29, முன்பு கல் இருந்ததைச் சொல்லும் இசட்87.442. ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது, யாரையும் ஒரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கவில்லை.